யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணியும் தாய்வான் மலைத் தேயிலையும்

ரொறன்ரோவில் இருக்கும் மச்சாள் அங்குள்ள சீனக் கடைகளில் தாய்வான் தேயிலை வாங்கி அனுப்பத் தொடங்கியதில் ஒட்டிக்கொண்ட பழக்கம் இது. சில வருடங்களாகக் காலையில் வழக்கமான பிளேன்ரீ, பின்னேரத்தில் தாய்வான் மலை ஊலாங், அதாவது முழுதாகக் கறுக்கவிடாமல் இடையில் நிறுத்திய தேயிலை. பிளேன்ரீயை நான் விடவில்லை, விடுகிற எண்ணமும் இல்லை. ஊலாங் அதற்கு மாற்றும் அல்ல.

தாய்வானில் 1000 மீற்றருக்கு மேலே விளைவதைத்தான் உயர்மலைத் தேயிலை என்று விற்கிறார்கள். அங்குள்ள லிஷான் மலைப் பக்கத்துத் தோட்டங்கள் சில 2000 மீற்றரையும் தாண்டுகின்றன. நுவரெலியா நகரமே 1868 மீற்றரில் இருப்பதால் இந்த உயரம் நமக்கு ஒன்றும் அதிசயமில்லை. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்கிறது, மூட்டம் வெயிலை மறைக்கிறது. வெயில் கூடினால் இலையில் இனிப்பைத் தரும் தியனின் என்ற பொருள் குறைந்து, துவர்ப்பைத் தரும் கட்டெச்சின்கள் கூடும். மூட்டம் அதற்குத் தடை போடுகிறது. வாயில் படும் இனிப்பும் வழுவழுப்பும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகின்றன.

நுவரெலியாத் தேயிலையோடு இதை ஒப்பிட்டுக் குறை சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. உயரம் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கலாம், ஆனால் கைப்பக்குவம் வேறு. நம் தேயிலையை நொறுக்கி, முழுதாகக் கறுக்க விடுகிறோம். அவர்கள் இலையின் ஓரம் மட்டும் கன்றும்படி உலுக்கி, கொஞ்சம் சிவந்ததும் சூடு காட்டி நிறுத்திவிடுகிறார்கள். பிறகு துணியில் மூட்டையாகக் கட்டித் திரும்பத் திரும்ப உருட்டுகிறார்கள். பொதிக்குள் கிடப்பது மிளகுபோலச் சுருண்ட உருண்டைகள். தண்ணீர் பட்டால் ஒவ்வொன்றும் தண்டோடு முழுக் கொழுந்தாக விரியும். அதைப் பார்ப்பதற்கே முதல் கோப்பையைக் கண்ணாடிக் கிளாசில் ஊற்றலாம்.

இனித் தண்ணீர். இந்தத் தேயிலையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் சொல்லாமல் விடுவது இதைத்தான். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக்கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதைச் சுரண்டாத வீடு இங்கே குறைவு. கடும் சாயத்துக்கும் சீனிக்கும் அந்தத் தண்ணீர் பெரிதாகக் குறுக்கே நிற்பதில்லை. ஊலாங்கை அதில் போட்டால் பூ வாசம் அடங்கிவிடும், நிறம் மங்கும், ஆறியதும் மேலே மெல்லிய ஏடு படரும். இவ்வளவு காசு கொடுத்து வாங்கியது இதற்குத்தானா என்று தோன்றும். கடையில் கானில் வரும் வடிகட்டிய தண்ணீரில் அதே இலை வேறு தேயிலையாகிவிடுகிறது. அதுவும் இல்லாத நாளில் கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை விட்டு மேல்தண்ணீரை மட்டும் எடுத்து மறுபடி சூடாக்குகிறேன். பாதிக் குணம் திரும்பி வரும். ஐப்பசி, கார்த்திகையில் ஓட்டில் விழும் முதல் மழையைக் கழுவிப் போகவிட்டு, அதற்குப் பிறகு பிடித்துக் கொதிக்கவைத்த தண்ணீரில் கிடைக்கிற கோப்பைதான் என் கணக்கில் முதலிடம்.

சூட்டைப் பற்றி அதிகம் மண்டையை உடைக்கத் தேவையில்லை. நுவரெலியா உயரத்தில் தண்ணீர் சுமார் 94 பாகையிலேயே கொதித்துவிடும், இங்கே 100. உருண்டை விரிய நல்ல சூடு வேண்டும், ஆகவே கொதி அடங்கிய கையோடு ஊற்றலாம். 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 5 கிராம் இலை, முதல் முறை ஒரு நிமிடத்துக்குள் வடித்துவிட வேண்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தைக் கூட்டிக்கொண்டே ஐந்தாறு முறை ஊற்றலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவதும் மூன்றாவதும். முதலாவதில் வாசம் மட்டுந்தான் வருகிறது.

வீட்டில் இதற்கு இன்னும் முழு அங்கீகாரம் கிடைக்கவில்லை. "உதென்ன, தேத்தண்ணியோ பூத்தண்ணியோ?" என்று அம்மா முதல் நாளே கேட்டார். சித்தப்பா வாயில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துப் பார்த்துவிட்டு, பனங்கட்டிதான் நல்லா இருக்கு என்றார். அவர் சொன்னது சரி. பனங்கட்டிக்கு முன்னால் இந்தத் தேயிலை நிற்காது. வெறுமனே குடிக்கிறவர்களுக்குத்தான் இது.

ஆனால் சித்திரை, வைகாசி வெக்கையில் வீட்டாரே கேட்டு வாங்குவது ஒன்று உண்டு. அரை லீற்றர் போத்தலில் 5 கிராம் இலையைப் போட்டு, வடிகட்டிய தண்ணீர் விட்டு, இரவு குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். காலையில் கசப்பே இல்லாத, பூ வாசமும் இனிப்பும் மட்டும் உள்ள தண்ணீர் கிடைக்கும். தாய்வானிலும் இப்படிக் குடிக்கிறார்கள். சூடாகக் குடிப்பதைவிட இந்த ஊருக்கு இதுதான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

வைப்பதில் கவனம் வேண்டும். பச்சைத்தன்மை கூடிய தேயிலை என்பதால் பொதி திறந்ததும் வாசம் இறங்கத் தொடங்கும், இங்குள்ள ஈரப்பதன் அதை இன்னும் விரைவாக்கும். இறுக்கமாக மூடுகிற தகரப்பேணியில், சமையலறைக்கு வெளியே வையுங்கள். வறுத்த மிளகாய்த்தூள் இருக்கும் அலுமாரியில் வைத்தால் சில நாளில் தேயிலையும் அந்த வாசம்தான் அடிக்கும்.

வாங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பால் வாசம் வரும் என்று சொல்லி விற்கும் ஊலாங்கில் பலவற்றில் செயற்கை வாசனை சேர்க்கிறார்கள். ஜின்சுவான் என்ற செடியில் இயல்பாகவே மெல்லிய பால் வாசம் உண்டு, ஆனால் பொதியைத் திறந்ததும் மூக்கில் அடித்தால் அது செடியின் வேலை இல்லை. இரண்டாவது, தாய்வான் பொதிகள் பெரும்பாலும் 150 கிராமில் வரும். ஒருவர் குடிக்கிற வீட்டுக்கு இங்குள்ள ஈரத்தில் அது பெரிது, 75 கிராம் பொதி இருந்தால் அதையே கேளுங்கள். விலை நம் கடைத் தேயிலையைவிடப் பல மடங்கு. ஒரு பிடி இலையில் ஐந்தாறு கோப்பை என்று பார்த்தால் கொஞ்சம் தாங்கும். சம்பளக் கணக்கில் பார்த்தால் தாங்காது, மச்சாள் அனுப்புவதால் எனக்கு ஓடுகிறது. இந்த முறை குளிர்காலப் பறிப்பு கிடைத்தால் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.