முடைவதற்கு வாரிய பனையோலை: எந்த ஓலைக்கட்டு வாங்கலாம்?

காதணி, வளையல், சிறு கைப்பை முடைபவர்களுக்குப் பனங்குருத்தோலை மூன்று விதமாக விற்பனைக்கு வருகிறது. ஈர்க்கோடு காயவைத்த முழு ஓலை ஒன்று. ஈர்க்கு நீக்கி ஒரே அகலத்தில் வாரிய, அதாவது நீள இழைகளாகக் கிழித்த, சாயம் ஏற்றாத வெள்ளோலை ஒன்று. சாயம் ஏற்றிய ஓலை மற்றொன்று. எங்கள் பரிந்துரை வாரிய வெள்ளோலை.

அதன் பெரிய பலம் அகலம். ஓலை நுனியை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும். கத்தியால் கையில் வாரினால் ஒரே இழை ஓரிடத்தில் 4 மி.மீ., இன்னோரிடத்தில் 3 மி.மீ. என்று நிற்கும். கைப்பையில் அது தெரியாது. காதணியிலோ பின்னலே கோணிவிடும். நல்ல ஓலைக்கட்டில் அடியும் நுனியும் கழித்து நடுப்பகுதியை மட்டும் வைத்திருப்பார்கள். காதணிக்கு 2–3, வளையலுக்கு 4, கைப்பைக்கு 6–8 மி.மீ. என்று சொல்லி வாங்குங்கள்.

வாங்கியதும் ஓர் இழையின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். ஈர்க்கின் நார் ஒட்டியிருந்தால் நனைத்ததும் ஒரு பக்கமாகச் சுருளும். பிறகு பத்து நிமிடம் நனைத்து, மடித்து விரியுங்கள். மடிப்பில் கீறல் விழுந்தால் அது முற்றிய சாரோலை, அல்லது வெயிலில் அளவுக்கு மேல் காய்ந்த ஓலை. குருத்து வெளிர் மஞ்சளாக, மெலிதாக இருக்கும். சாரோலையில் பச்சை தங்கியிருக்கும், தடிப்பும் கூடுதல். இரண்டையும் கலந்து கட்டுபவர்கள் உண்டு. குருத்தை அடிக்கடி வெட்டினால் மரம் தளர்ந்துவிடும் என்பதால், கலப்பில்லாத குருத்தோலைக்குக் கூடுதல் விலை கேட்பது நியாயமே.

சாயம் ஏற்றிய கட்டுகள்தான் ஏமாற்றம். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்ததும் சிவப்பும் நீலமும் ஒட்டிக்கொள்கின்றன. போதிய நேரம் கொதிக்கவிடாமலும் கடைசியில் அலசாமலும் விடுவதால் வரும் குறை இது. தோளில் மாட்டும் பைக்கு இந்த ஓலை ஆகவே ஆகாது. சாயத்தை வீட்டிலேயே ஏற்றலாம். 100 கிராம் ஓலைக்கு 3 லிட்டர் தண்ணீர், ஒரு தேக்கரண்டி ஓலைச் சாயம், இரண்டு மேசைக்கரண்டி கல்லுப்பு. ஓலையை முன்பே நனைத்து, கொதிக்கும் சாயத்தில் முழுக மூழ்கும்படி அரைமணி நேரம் வேகவிடுங்கள். மிதக்கும் பகுதி திட்டுத் திட்டாகிவிடும். சாயத்திலேயே ஆறவிட்டு, தண்ணீர் தெளியும் வரை அலசி, நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் நிறம் வெளிறும். செட்டிநாட்டுக் கொட்டான் என்னும் பனையோலைக் கூடையின் பளீர் நிறங்களும் ஓலையைச் சாயத்தில் கொதிக்கவிட்டு வருபவைதான்.

முடையும்போது ஓலையைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டாம். ஈரத்துணியில் அரைமணி நேரம் சுற்றிவைத்தாலே வளையும். ஊறிய ஓலை அகலத்தில் பருத்து, காயும்போது சுருங்கும். நெருக்கமாக முடைந்த பையிலும் இடைவெளி விழும். விளிம்பு கட்டுவதற்கு முன் ஒரு நாள் காயவிட்டு, வரிகளை அடியை நோக்கித் தள்ளி நெருக்கிய பின் விளிம்பை மடியுங்கள். மீதி ஓலையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் மழைக்காலத்தில் கரும்புள்ளிப் பூஞ்சணம் பிடிக்கும், தேய்த்தாலும் போகாது. பருத்தித் துணியில் சுற்றிக் காற்றோட்டமான பரணில் வைத்தால் போதும்.