புழுக்கத்தைத் தாங்கும் நினைவுப் பக்கங்கள்: ஸ்கிராப்புக் பொருள்கள், பல ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

ஸ்கிராப்புக், அதாவது படங்களையும் காகித நினைவுகளையும் எழுத்தோடு சேர்த்து அலங்கரிக்கும் ஆல்பம், செய்யச் சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களில் பாதிக்குமேல் குளிர்நாட்டு மேசைகளில் எடுத்தவை. அங்கே பத்து வருஷம் பிடித்திருக்கும் பசை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இரண்டு மழைக்காலம் தாண்டினாலே பெரிது. இங்கே காற்றில் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 70 முதல் 90 விழுக்காடு. 65, 70ஐத் தாண்டி அப்படியே நின்றுவிட்டால் காகிதத்திலும் படத்தின் மேலிருக்கும் ஜெலட்டின் படலத்திலும் பூஞ்சை பிடிக்கும். அதனால் வாங்கிய புதிதில் எவ்வளவு அழகாக இருந்தது என்பதை ஒதுக்கிவிட்டு, எங்கள் பகுதி வீடுகளின் அலமாரிகளில் பல ஆண்டு கிடந்த பிறகு எந்தப் பொருள் என்ன ஆனது என்பதை வைத்தே எழுதுகிறோம்.

சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடலாம்: பசை நேரடியாகப் படாத படம்தான் பிழைக்கிறது.

ரப்பர் தோட்ட வீடுகளில் இதற்குச் சாட்சி நிறைய. 70களிலும் 80களிலும் எல்லார் வீட்டிலும் இருந்த, பிளாஸ்டிக் தாளைத் தூக்கிப் படத்தை ஒட்டி மூடும் ஆல்பங்களைத் திறந்து பாருங்கள். பசைக் கோடுகள் பழுப்பேறி, படத்தின் பின்பக்கமே கோடு கோடாகக் கறைபட்டிருக்கும். மேலே மூடிய தாள் பெரும்பாலும் பிவிசி. நாளாக ஆக அது அமில ஆவியை விடும். படத்தின் முகத்தோடு ஒட்டியும் கொள்ளும். அந்தக் காலத்துக் கலர் படங்கள் இருட்டில் வைத்திருந்தாலும் செவ்வண்ணம் ஏறிப்போவதற்குக் காரணம் வேறு. அவற்றில் இருக்கும் சயான் என்னும் நீலப்பச்சைச் சாயம் வெளிச்சமே படாமலும் மங்கிவிடும், மிஞ்சுவது சிவப்பு. இதை ஆல்பத்தை மாற்றிச் சரிசெய்ய முடியாது; ஸ்கேன் எடுத்துக் கணினியில்தான் நிறத்தை மீட்க வேண்டும்.

ஆகவே புதுப் பக்கம் செய்வதற்கு முன் பழைய படத்தைக் கழற்றும் வேலை இருக்கிறது. இதில்தான் அதிகப் படங்கள் கிழிகின்றன. முதலில் ஆல்பத்தில் இருக்கிறபடியே ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது இருந்தது என்பதே பிறகு ஆளை அடையாளம் காண உதவும். பிறகு 30 செ.மீ. அளவுக்கு டென்டல் ஃப்ளாஸ் நூலை எடுத்து, இரு முனையையும் விரலில் சுற்றி, படத்தின் ஒரு மூலைக்கு அடியில் நுழைத்து, ரம்பம் இழுப்பதுபோல் மெல்ல இடம் வலமாக நகர்த்திக்கொண்டே மறு மூலைக்குப் போக வேண்டும். படத்தை மேல்நோக்கி வளைக்கவே கூடாது. வளைத்தால் ஜெலட்டின் வெடித்து வெள்ளைக் கோடு விழும், அது போகாது. பிடிவாதமாக ஒட்டியிருந்தால் ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், பக்கத்தின் பின்புறத்தில், சில நொடிகள் மட்டும் காட்டலாம். பிளாஸ்டிக் தாள் படத்தின் முகத்தில் ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள். தாளோடேயே ஸ்கேன் எடுத்துவிட்டு, அந்தப் பகுதியை மட்டும் சுற்றி வெட்டி அப்படியே வைத்துக்கொள்வதுதான் பத்திரம். கழற்றிய படத்தின் பின்னால் பிசுபிசுப்பு இருக்கும், எனவே ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டாம்.

பக்கத்தின் அளவுக்கு வருவோம். உலகம் முழுக்க ஸ்கிராப்புக் என்றால் 12க்கு 12 அங்குலம். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சிறு பட்டணத்தில் அந்த அளவு பிளாஸ்டிக் உறையும் தாளும் ஒரு தடவை கிடைக்கும், அடுத்த தடவை கிடைக்காது. இணையத்தில் வாங்கினால் மூலை மடங்கி வரும். எங்கள் பரிந்துரை ஏ4. எந்த எழுதுபொருள் கடையிலும் உறை கிடைக்கும், வீட்டு ஸ்கேனரிலும் பக்கம் முழுதாக அடங்கும். 4ஆர் படம் 10.2க்கு 15.2 செ.மீ. ஏ4 தாளை நெட்டாக வைத்தால் இரண்டு படம் படுக்கைவாட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக உட்கார்ந்து, உயரத்தில் 9 செ.மீ.க்குச் சற்று மேல் மிஞ்சும். எழுத அதுதான் இடம். மூன்று படம் வைக்க நினைத்தால் 30.6 செ.மீ. வேண்டும், தாளோ 29.7தான். படத்தை வெட்டத் தோன்றும். வெட்டாதீர்கள். ஓரத்தில் தெரியும் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) வாசலும் பால் வாளியும் சைக்கிளும் வேண்டாத பின்னணி மாதிரி இன்று தெரியலாம். அந்த லயம் இடிக்கப்பட்டுச் செம்பனைத் தோட்டமோ தாமானோ (புதுக் குடியிருப்புப் பகுதி) ஆகியிருந்தால், அந்த இடத்துக்கு மிஞ்சிய ஒரே படம் அதுவாகவே இருக்கும்.

தாள் சதுர மீட்டருக்கு 200 முதல் 250 கிராம் கனம், அமிலமற்றது, லிக்னின் (காகிதத்தைப் பழுப்பாக்கும் மரப்பொருள்) இல்லாதது என்று அச்சிட்டிருக்க வேண்டும். பள்ளிக்கூட வேலைக்கு வாங்கும் மணிலா அட்டை மலிவு, எல்லா நிறத்திலும் கிடைக்கும், ஆனால் இந்த வேலைக்கு உதவாது: நிறம் வெளுக்கிறது, ஈரம் பட்டால் சாயம் பக்கத்துத் தாளுக்கு இறங்குகிறது, ஓரம் பழுப்பாகிறது. சந்தேகம் இருந்தால் ஒரு துண்டை வெட்டி, பாதியை மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று வாரம் விட்டுப் பாருங்கள். மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் வித்தியாசம் தெரிந்தால் அலங்காரத்துக்குக்கூட வேண்டாம்.

உறையில் பிபி அல்லது பாலிபுரோப்பிலீன் என்று இருக்க வேண்டும். முக்கோணத்துக்குள் 5 என்ற எண் அதைத்தான் சொல்கிறது. 3 என்றால் பிவிசி. எண்ணே இல்லாவிட்டால் முகர்ந்து பாருங்கள்: புது மழைக்கோட்டு வாசனை தூக்கலாக அடித்தால் திருப்பி வைத்துவிடுங்கள். இரண்டு வளையக் கோப்பில் துளை சீக்கிரம் கிழிகிறது. ஆங்கில D எழுத்து வடிவ நான்கு வளையக் கோப்பு நல்லது, 25 மி.மீ. வளையத்தில் இருபது உறைக்குமேல் திணிக்காதீர்கள். இறுக்கி மூடிய கோப்பில் படங்கள் உறையோடு ஒட்டி, கண்ணாடிபோல் பளபளக்கும் திட்டுகள் விழுகின்றன.

பசைகளைப் பற்றிய தீர்ப்பு கொஞ்சம் கடுமையாகவே இருக்கும். செலோடேப் சில ஆண்டில் மஞ்சளாகி உதிர்ந்துவிடும், கறை மட்டும் காகிதத்துக்குள் இறங்கி நிலைத்துவிடும். ரப்பர் பசையும் ரப்பர் பேண்டும் கந்தகம் கொண்டவை. கறுப்பு வெள்ளைப் படத்தில் இருக்கும் வெள்ளியைக் கந்தகம் கறுக்கவைக்கும். பழைய படக்கட்டுகளில் ரப்பர் பேண்ட் பட்ட இடம் பழுப்புப் பட்டையாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சோற்றுப் பசை, மைதாப் பசை இரண்டும் கரப்பானுக்கும் இராமபாணப் பூச்சிக்கும் சாப்பாடு. மேடாக ஒட்டும் ஃபோம் துண்டுகள் எதிர்ப்பக்கத்துப் படத்தில் குழி பதிக்கின்றன. அமிலமற்ற பசைக்குச்சி காகிதத்தோடு காகிதத்தை ஒட்ட மட்டும் சரி; அதுவும் வெக்கையில் ஓரம் தூக்கும், அவ்வப்போது மறுபடி ஒட்ட வேண்டிவரும்.

படத்துக்கு மூலைப்பிடிதான். கடையில் வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். அமிலமற்ற மெல்லிய தாளில் 2க்கு 4 செ.மீ. பட்டை வெட்டுங்கள். நீளப்பக்கத்தின் மேல் மூலைகள் இரண்டையும் கீழ்விளிம்பின் நடுவுக்குக் கொண்டுவந்து மடித்தால் முக்கோணம் வரும். மடிப்புகள் சேரும் பக்கம் பின்பக்கம். பசையை அந்த மடிப்புகளின் மேல் மட்டும், நடுப் பிளவிலிருந்து 3 மி.மீ. தள்ளித் தடவ வேண்டும். பிளவு வரை தடவினால் பசை உள்ளே கசிந்து படத்தைப் பிடித்துக்கொள்ளும், பிறகு மூலைப்பிடி போட்டதற்கே பொருள் இல்லை. நான்கையும் முதலில் படத்தின் மூலைகளில் மாட்டி, பிறகு படத்தோடு சேர்த்துத் தாளில் அமர்த்துங்கள். ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. தளர்வு விடுங்கள். ஈரத்தில் தாளும் படமும் ஒரே அளவில் உப்புவதில்லை; இறுக்கிப் பிடித்தால் படம் நடுவில் வில்லாக வளையும்.

எழுத்துதான் பக்கத்தின் உயிர். பூ ஸ்டிக்கர், மினுக்குத் துகள் இவற்றில் செலவழிக்கும் நேரத்தில் பாதியையாவது பெயர் எழுதுவதில் செலவிடலாம். ஜெல் பேனாவும் சாதாரண மார்க்கரும் ஈரத்தில் ஊறிப் பரவும். பிக்மென்ட் மை (நீரில் கரையாத நிறமித் துகள் கொண்ட மை) பேனா வேண்டும். சகுராவின் பிக்மா மைக்ரான் போன்றவை நன்றாகவே தாக்குப்பிடித்திருக்கின்றன. எந்தப் பேனாவானாலும் தாளில் ஒரு கோடு போட்டு, ஒரு நாள் காயவிட்டு, தண்ணீர்த் துளி வைத்துப் பாருங்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படத்தின் பின்னால் எழுத மென்மையான பென்சில், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கத்தில் எழுத்து புடைத்துத் தெரியும்.

என்ன எழுதுவது? "தாத்தா, பாட்டி, தைப்பூசம்" என்று விட்டால் முப்பது வருஷம் கழித்து யாருடைய தாத்தா என்று தெரியாது. இப்படி இருக்கட்டும்: "இடமிருந்து: அம்மாவின் மூத்த அக்கா, மடியில் சின்ன மாமா, பின்னால் கிராணி (தோட்டக் கணக்கர்) வீட்டுப் பெரியம்மா. இரண்டாம் டிவிஷன் மாரியம்மன் கோயில் வாசல், தீமிதி, 1974 வாக்கில்." உறவுமுறை யார் வாயால் சொல்லப்பட்டது என்பதும் இருக்க வேண்டும். தோட்டத்துக்குப் பலகையில் இருந்த ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் ஆள்கள் கூப்பிட்ட தமிழ்ப் பெயர் வேறொன்று, இரண்டையும் எழுதுங்கள். ஊர்ப் பெயர்களும் மாறுகின்றன: பத்தாங் பெர்ஜுந்தாய் இன்று பெஸ்தாரி ஜெயா.

காகித நினைவுகளில் தோட்டக் குடும்பங்களுக்கே உரியவை சில உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர்களின் பயணச்சீட்டு, சம்பளச் சீட்டு, சுங்கை சிப்புட்டுக்காரரும் அமைச்சராக இருந்தவருமான துன் சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குப் பத்திரம். இவற்றை லெமினேட் செய்துவிடும் பழக்கம் நம்மிடம் அதிகம். சூடும் பசையும் காகிதத்தோடு ஒன்றிப்போவதால் அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. தனி உறை போதும். ஐ.சி. (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம் போன்றவற்றின் மூலப்பிரதி ஆல்பத்தில் இருக்கவே கூடாது. கலர் நகல் வைத்தால் போதும். நாளிதழ்த் துணுக்கு தானும் பழுத்து, தொட்ட தாளையும் பழுக்கவைக்கும். அமிலமற்ற தாளில் நகல் எடுங்கள். பட்டணத்துப் பேருந்துச் சீட்டு, கடை ரசீது போன்ற வெப்பத்தாள்கள் எப்படியும் வெளுத்துவிடும், கிடைத்த வாரமே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

நண்பர்கள் பக்கத்துக்கு ஆறாம் ஆண்டு ஆட்டோகிராஃப் புத்தகத்தைவிட நல்ல மூலம் இல்லை. அதைக் கிழித்து ஒட்டாமல், 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் எடுத்து, எழுதியவரின் அந்த வயதுப் படத்துக்குப் பக்கத்தில் கையெழுத்தை வையுங்கள். பள்ளிச் சின்னத்தின் ஊசி, ஸ்டேப்பிள், கிளிப் எல்லாவற்றையும் முதலில் கழற்றுங்கள். நம் ஊர் ஈரத்தில் துரு காகிதத்தைத் துளைத்துவிடும். கல்யாணப் பத்திரிகையில் தடவிய மஞ்சள், பக்கத்தில் இருக்கும் படத்தில் இறங்கும், அதற்கும் தனி உறை.

தோட்டத்தையே பக்கத்தில் வைக்க ஆசைப்படுபவர்களுக்கு ரப்பர் இலையின் நரம்புக்கூடு அருமையான பொருள். முற்றிய இலைகளை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா கலந்து, சதை குழையும்வரை ஒன்று இரண்டு மணிநேரம் சிறு தீயில் வேகவைத்து, மென்மையான பல்துலக்கியால் சதையைத் தட்டி எடுத்து, பலமுறை அலசி, உறிஞ்சும் தாளுக்கு நடுவில் காயவைக்க வேண்டும். சோடா மிச்சம் இருந்தால் தாள் கறைபடும். பச்சை இலையை அப்படியே வைத்தால் பூஞ்சை நிச்சயம்.

வைக்கும் இடம் பொருளைவிட முக்கியம். சாமி அறை அலமாரியில் எண்ணெய்ப் புகையும் சாம்பிராணியும் படியும். குளியலறைச் சுவரை ஒட்டிய அலமாரியில் ஈரம் ஊறும். உள்சுவர், இடுப்புக்குமேல் உயரம், கோப்பு நிமிர்ந்தபடி. மூடிய பெட்டியானால் கால் கிலோ சிலிக்கா ஜெல்லும் ஒரு சின்ன ஈரப்பதமானியும் சேர்த்து வையுங்கள். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் அவன் (oven) அடுப்பில் 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணிநேரம் காயவைத்துத் திரும்பப் போடலாம். ஜெல் போடாமல் இறுக்கி மூடிய பெட்டி திறந்த அலமாரியைவிட மோசம். கேமராக்காரர்கள் வைத்திருக்கும் உலர்பெட்டியில் 40 முதல் 50 விழுக்காட்டில் வைத்த ஆல்பங்கள் மற்ற எல்லாவற்றையும்விட நன்றாக இருக்கின்றன. வசதியுள்ளவர்கள் முதலில் வாங்க வேண்டியது அதுதான். அந்துருண்டை பூஞ்சையைத் தடுக்காது, அதன் ஆவி ஆளுக்கும் ஆகாது.

பூஞ்சை வந்துவிட்டால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள், கறை உள்ளே போய்விடும். அந்தக் கோப்பை மற்றவற்றிலிருந்து பிரித்து, விசிறிக் காற்றில் நன்றாகக் காயவிட்டு, முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளித் திண்ணையில் மெல்லிய தூரிகையால் தட்டி எடுங்கள். வெள்ளம் புகுந்து நனைந்த ஸ்டூடியோ படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் காய்ந்துவிட்டால் மீட்பது கடினம். காய்வதற்குள் சுத்தமான குளிர்ந்த நீரில் மிதக்கவிட்டுப் பிரித்து, முகத்தைத் தொடாமல் அலசி, முகம் மேலாக நிழலில் காயவிட வேண்டும். பழுதான ஜெலட்டின் வழவழத்தால் அலசுவதையும் நிறுத்துங்கள். இரண்டு நாளுக்குள் முடிக்க முடியாத அளவு இருந்தால், படங்களுக்கிடையே மெழுகுத்தாள் வைத்துப் பையில் போட்டு உறைபெட்டியில் வைத்துவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் செய்யலாம். வீட்டு இன்க்ஜெட்டில் அச்சிட்ட படங்களைத் தண்ணீரில் போடாதீர்கள், சாயம் கரைந்துவிடும். அவற்றை அப்படியே காயவிடுங்கள்.