இலவச நிலத்துக்கு 600 டாலர் குத்தகை: கான்சஸ் மன்ஹாட்டனுக்கு வருபவர்கள் கவனத்துக்கு

இந்த ஆகஸ்டில் கான்சஸ் மாநிலத்து மன்ஹாட்டனுக்குப் படிக்கவோ வேலைக்கோ வருகிறீர்களா? தூண்டில் போடவோ வேட்டைக்குப் போகவோ ஆசை இருந்தால், யாரிடமும் ‘குத்தகை’ என்று பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் கட்டிய பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

2023 ஆகஸ்டில் கான்சஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு வேலைக்கு வந்து சேர்ந்தேன். தாமிரபரணிக் கரையில் வளர்ந்தவன், தூண்டில் எனக்குப் புதிதில்லை. வேட்டைதான் புதிது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் வேட்டை என்றால் தாத்தா சொன்ன கதைதானே. இங்கே வந்தால் ஆய்வகத்தில் பாதிப் பேர் நவம்பர் எப்போது வரும் என்று நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நவம்பர் இரண்டாம் சனிக்கிழமை ஃபெசன்ட் பறவைக்கான பருவம் தொடங்கும். அந்த வாரம் ஒருவரையும் கூட்டத்துக்குக் கூப்பிட முடியாது.

ஊருக்கு வெளியே வண்டி ஓட்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. ஆனால் இந்த மாநிலத்து நிலத்தில் 97 சதவீதத்துக்கு மேல் தனியாருடையது. இது என் காதில் விழுந்ததும், காசு கொடுக்காமல் இங்கே எங்கும் கால் வைக்க முடியாது என்று நானே முடிவு செய்துகொண்டேன். என்னை ஏமாற்றியவருக்கு அதற்கு மேல் பெரிய வேலை எதுவும் இருக்கவில்லை.

பழைய சாமான் வாங்கி விற்கும் விளம்பரங்களுக்கு நடுவில்தான் அவரைப் பிடித்தேன். ‘பருவம் முழுவதும் வேட்டை, மீன்பிடி உரிமை. 160 ஏக்கர், தனியார் நிலம், ஐந்து பேருக்கு மட்டும்.’ நான்கு இடம் போய்விட்டதாம், ஒன்றுதான் பாக்கியாம். ஒரு பெட்ரோல் பங்கை ஒட்டிய காபிக் கடையில் சந்தித்தோம். அறுபது வயது இருக்கும். பூட்ஸில் காய்ந்த சேறு, சட்டைக் கையில் நாய் முடி. இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அந்தச் சேற்றைப் பார்த்துத்தான் நம்பினேன்.

வடமேற்கே ஒரு மணி நேர தூரத்தில் ஃபெசன்ட்டும் காடையும் உள்ள நிலம், கொஞ்சம் தள்ளி கெளுத்தி விட்டு வளர்த்த ஒரு பண்ணைக் குளம், இரண்டும் ஜனவரி 31 வரை, மொத்தம் 600 டாலர். இரண்டு பக்க ஒப்பந்தம் நீட்டினார். எனக்கு அடிபட்டால் அவர் பொறுப்பில்லை என்று ஒன்றரைப் பக்கம். நிலம் எங்கே இருக்கிறது என்பதற்கு ‘மண் சாலைக்கு வடக்கே’ என்று ஒரே வரி, கூடவே நிறம் போட்ட ஒரு வரைபடத் தாள். இந்த ஊர்ப்பக்கம் நிலப் பத்திரத்தில் செக்‌ஷன், டவுன்ஷிப், ரேஞ்ச் என்று எண்கள் இருக்கும், நம் ஊர் சர்வே எண் மாதிரி. அந்த எண் இல்லாத காகிதத்தை எங்கள் அப்பா கையால்கூடத் தொட்டிருக்க மாட்டார். நான் கையெழுத்துப் போட்டேன். கைபேசிச் செயலியில் பணமும் அனுப்பினேன்.

கிளம்பும்போது அவர் சொன்ன ஒன்றுதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது. “குத்தகைக்காரருக்கு வேட்டை லைசென்ஸ் வேண்டியதில்லை, சட்டமே அப்படித்தான்.” இது பாதி உண்மை. கான்சஸில் சொந்த நிலத்துக்காரருக்கும், விவசாயத்துக்குக் குத்தகை எடுத்தவருக்கும் தங்கள் நிலத்தில் அந்த விலக்கு உண்டு. விவசாயத்துக்கு எடுத்தவருக்கு, வேட்டைக்கு எடுத்தவருக்கு இல்லை. உள்ளூர்க்காரர் இதை நம்பியிருந்தால் அபராதத்தோடு போயிருக்கும். நம் கதை வேறு. எஃப்-1, ஜே-1, எச்-1பி மாதிரி விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே அமெரிக்க மத்தியச் சட்டப்படி குற்றம். அதற்குச் சில விலக்குகள்தான் உண்டு. நமக்கு நடைமுறையில் கைகொடுப்பது, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருப்பது. அது இல்லாமல் நண்பரின் துப்பாக்கியை வாங்கிப் பிடித்தாலும் சிக்கல்தான். விசா போய்விடலாம், சிறைக்கும் வழி உண்டு.

நான் தப்பித்தது ஆய்வகத்தில் பக்கத்து மேசைக்காரரால். “அவர் என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், லைசென்ஸைக் காட்டாமல் என் துப்பாக்கியைத் தர மாட்டேன்” என்றார். அப்போது கோபம் வந்தது. 1957 ஜூலை 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும், அதை முடித்தேன். மாநிலத்தில் 60 நாள் குடியிருந்தால் உள்ளூர்க்காரர் கட்டணம், அந்த வருடம் 27 டாலர் 50 சென்ட். வெளி மாநிலத்தவருக்கு அதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதனால் வந்த உடனே அவசரப்பட்டு வாங்காதீர்கள்.

நவம்பர் 11, விடிவதற்கு முன்பே போய்விட்டேன். ஐந்து பேருக்கு மட்டுமான இடத்தில் ஏழு வண்டிகள் நின்றன. நாய்கள் குரைக்கின்றன, பிளாஸ்கில் காபி ஊற்றுகிறார்கள். சரி, குத்தகைக்காரர்கள் நண்பர்களைக் கூட்டி வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். வெளிச்சம் வந்ததும் மூலைக் கம்பத்தில் ஒரு சிறு பலகை தெரிந்தது. கான்சஸ் வனவிலங்கு, பூங்காத் துறையின் ‘வாக்-இன் ஹன்டிங்’ பலகை.

இதைத்தான் நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1995 முதல் இந்தத் துறை தனியார் விவசாயிகளுக்குப் பணம் கொடுத்து, அவர்கள் நிலத்தைப் பொதுமக்கள் வேட்டைக்குத் திறந்து வைக்கிறது. மாநிலம் முழுக்க 10 லட்சம் ஏக்கருக்கு மேல். லைசென்ஸ் இருந்தால் நடந்து உள்ளே போகலாம், ஒரு காசு தர வேண்டாம். எந்த நிலம் எங்கே என்று வருடா வருடம் வரைபடப் புத்தகமே போடுகிறார்கள், அதுவும் இலவசம்.

பக்கத்து வண்டிப் பெரியவரிடம் என் ஒப்பந்தத்தைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, அதற்கு இன்றும் நன்றி. வண்டியிலிருந்து வரைபடப் புத்தகத்தை எடுத்து பானெட் மேல் விரித்து, என் வரைபடத் தாளைப் பக்கத்தில் வைத்தார். அதே சாலைகள், அதே நிறக் கட்டம். எனக்கு வந்தது அதே பக்கத்தின் நகல்தான். நிறங்களுக்கு விளக்கம் இருக்கும் ஓரத்தை மட்டும் என்னை ஏமாற்றியவர் கத்தரியால் வெட்டியிருந்தார். வெட்டு கொஞ்சம் கோணல்.

குளமாவது இருக்கிறதா என்று மதியம் போனேன். இருந்தது. கேட் கம்பங்களில் ஊதா பெயின்ட். அழகுக்கு அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். எதிர் வயலில் நின்றவர்தான் சொன்னார்: இங்கே ஊதா பெயின்ட் என்றால், எழுத்துபூர்வமான அனுமதி இல்லாமல் வேட்டைக்கோ மீன்பிடிக்கவோ நுழையாதே என்று பொருள். பெயின்ட் இல்லாவிட்டாலும் நிலத்துக்காரரைக் கேட்காமல் போகக் கூடாது. குளம் யாருடையது என்றும் அவரே சொன்னார். எனக்குக் ‘குத்தகை’ விட்டவரின் பெயரைக்கூட அவர் கேள்விப்பட்டதில்லை.

பணம் வரவில்லை. முதலில் “தப்பான வரைபடம் கொடுத்துவிட்டேன், 200 டாலர் சேர்த்தால் வேறு நிலம்” என்றார். அப்புறம் என் போன் எண்ணைத் தடுத்துவிட்டார். வங்கியில், நீங்களே அனுப்பிய பணம், ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். போலீஸில் புகார் எண் கொடுத்தார்கள். அந்த எண் பத்திரமாக இருக்கிறது.

எல்லாக் குத்தகையும் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. நேர்மையாகக் குத்தகை விடும் விவசாயிகள் நிறைய. ஆனால் பணம் கட்டுமுன் அந்த நிலத்தின் எண்ணைக் கேளுங்கள். கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தின் நில வரைபடத்தில் உரிமையாளர் யார் என்று பாருங்கள். அவரிடமே போனில் பேசுங்கள். துறையின் வரைபடத்தில் அதே இடம் நிறம் போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அரை மணி நேர வேலை.

மீனுக்கு இதெல்லாம் தேவையே இல்லை. ஊருக்கு வடக்கே பத்து நிமிடத்தில் டட்டில் கிரீக் அணை. அணைக்குக் கீழே ரிவர் பாண்ட் பகுதியில் மீன்பிடி லைசென்ஸும் மாநிலப் பூங்கா வண்டி அனுமதியும் இருந்தால் போதும். மேற்கே ஜங்ஷன் சிட்டி பக்கம் மில்ஃபோர்ட் ஏரி, மாநிலத்திலேயே பெரியது, நீலக் கெளுத்திக்குப் பேர் போனது. ஒன்று மட்டும், அங்கே வரிச்சிப்பி (ஸீப்ரா மஸல்) என்ற, தண்ணீரோடு ஏரிக்கு ஏரி தொற்றும் அயல் சிப்பி பரவியிருப்பதால் பிடித்த மீனை உயிரோடு வாளியில் வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. குழம்புக்கு உயிர் மீன்தான் ருசி என்று என் மனைவி சொன்னதற்காக நான் கிட்டத்தட்ட அந்தத் தப்பையும் செய்யப் பார்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து இதை ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் அதே விளம்பரம் மறுபடி கண்ணில் பட்டது. அதே வரைபடம், அதே கோணல் வெட்டு. விலை 750. ஒரே ஒரு இடம்தான் பாக்கியாம்.