பாலமா, மணலா, தனுஷ்கோடி ரோடா? வாதம் வந்த காலுக்கு எது தோது

பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று நாற்பது நிமிடம் தாங்குகிறேன். எங்கள் கரையோர ஊர்களில் என்னைப் போலவே விழுந்து, பிசியோவுக்குக் காசில்லாமல் படுத்துக் கிடக்கும் மீனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பணம் திரட்டத்தான் தை மாதம் 5 கிலோமீட்டர் ஓடப் போகிறேன். எங்கே ஓடுவது? நான்கு இடங்களிலும் கொஞ்சம் கொஞ்சம் ஓடிப் பார்த்துவிட்டேன்.

"மணல்ல விழுந்தா அடிபடாதுண்ணே" என்று தம்பி அரியமான் கடற்கரைக்குக் கூட்டிப் போனான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு அது பெரிய விஷயம்தான். ஆனால் பாதம் தூக்காத காலுக்கு மணல் எதிரி. விரல் நுனி புதைந்து புதைந்து இழுக்கிறது. ஈர மணல் கெட்டிதான், ஆனால் கடல் பக்கம் சரிவு. ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். பத்து நிமிடத்தில் இடுப்பு வலி வந்துவிட்டது.

பாம்பன் சாலைப் பாலம் சுமார் 2.3 கிலோமீட்டர். போய் வந்தால் கிட்டத்தட்ட ஐந்து. ஆள் பார்க்கும், பணமும் சேரும். 2025இல் புது ரயில் பாலம் திறந்ததிலிருந்து வேடிக்கை பார்க்க வண்டியை நிறுத்துகிறவர்கள் வேறு. பஸ்ஸுக்கும் அவர்களுக்கும் நடுவில் என் கால் தடுமாறினால் என்ன ஆகும்? பாலத்தின் நடுப்பகுதி மேடு. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அதைச் சமாளிக்கலாம். இறக்கத்தில்தான் பயம், பாதத்தை மெதுவாக இறக்க வலுவில்லாததால் பட்டென்று தரையில் அறைகிறது. வேண்டாம்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர். 1964 புயலில் அழிந்த தனுஷ்கோடியைத் தாண்டிப் போகும் இந்த ரோடு 2017இல் திறந்தது. சமதளம், தார், இரண்டு பக்கமும் கடல். நிழல் கிடையாது, காற்று அள்ளிப் போட்ட மணல் ஆங்காங்கே வழுக்கும். ஆனால் எனக்கு முக்கியம் காற்றின் திசை. ரோடு தென்கிழக்காகப் போகிறது. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் முனையை நோக்கி ஓடினால் காற்று வலப்பக்கம் மோதி என்னை இடது கால் மேலேயே சாய்க்கிறது. அன்று மூன்று முறை தடுமாறினேன். வடகிழக்கிலிருந்து வரும் வாடைக் காற்றில் அப்படியே நேர்மாறு: இடப்பக்கம் மோதி, நல்ல கால் பக்கம் தள்ளும். தை மாதத்தைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான்.

ஒரு குறை பெரிது. மறுபடி வாதம் வந்தால் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் பார்த்த பிறகு. முனையிலிருந்து ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்கு இன்னும் சுமார் 55 கிலோமீட்டர். அதனால் பின்னாலேயே ஒரு கார் வரும், தம்பி ஓட்டுவான். பேசிக்கொண்டே ஓட முடியாவிட்டால் நடை, தலை சுற்றினால் காரில் ஏறுவது. டாக்டரும் பிபி பார்த்துவிட்டு இந்த நிபந்தனையோடுதான் சரி என்றார்.

பழக மட்டும் ஊர்ப் பள்ளி மைதானம். வலம் சுற்றுவதுபோலவே ஓடுகிறேன். இடமாகத் திரும்பினால் பாரம் வாதக் காலில் விழுகிறது.

பணம் திரட்டுவதிலும் இரண்டு வழி சொன்னார்கள். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கேட்டால் அதிகம் சேருமாம். எனக்குச் சம்மதமில்லை. நிற்க வேண்டிய இடத்தில் நிற்க விடாமல் அந்தக் கணக்கு விரட்டும். பழைய மொய் நோட்டு மாதிரி ஒன்று போட்டு, ஓட்டத்துக்கு முன்பே மொத்தமாக வாங்கிக்கொள்கிறோம். நான் இரண்டாவது கிலோமீட்டரில் நின்றாலும் அந்தப் பணம் பிசியோவுக்குப் போய்விடும். முதல் பக்கத்தில் அம்மா 500 எழுதியிருக்கிறாள்.