“பெக்கா ஏற்கும் மூட்டு நிபுணர்” என்று சொல்லி எங்களிடம் 1,850 வெள்ளி வாங்கிவிட்டார்கள்: தோட்டத்து மக்களுக்கு எச்சரிக்கை

சுங்கை சிப்புட்டிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் இருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசி வரை படியுங்கள். பெக்கா என்ற மலேசிய அரசாங்க மருத்துவ உதவித் திட்டத்தை நம்பி, அம்மாவின் மூட்டு அறுவைச் சிகிச்சைக்கென்று நாங்கள் கட்டிய 1,850 வெள்ளி (ரிங்கிட்) திரும்பி வராது என்று உறுதியாகி இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. கடையின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. அது போலீஸ் புகாரில் இருக்கும். பட்டணத்தில் ஒரு மேல்மாடியில், அரசாங்க உதவித் தொகைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தரும் சேவைக்கடை என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். மற்றவர்கள் ஏமாறாமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை முடிவில் விரிவாக எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 58 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேட்டுக்காட்டில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. இடது கால் வெளிப்பக்கமாக வளையத் தொடங்கிவிட்டது. அரசாங்க கிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார்கள். மருத்துவமனையின் எலும்பு நிபுணரைப் பார்க்க ஏழு மாதம் கழித்து நாள் கிடைத்தது. அம்மா கேட்டது ஒரே கேள்விதான்: “அதுவரைக்கும் கக்கூசுல எப்படிப்பா உக்காருறது?” அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் நான் அந்த மாடிப்படி ஏறினேன்.

நாங்கள் ஏன் நம்பினோம் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்களுடைய பொய்க்குள் பாதி உண்மை இருந்தது. பெக்கா பி40 என்பது, வருமானத்தில் கீழ்நிலையில் உள்ள 40 விழுக்காட்டினருக்காக (பி40) 2019-இல் சுகாதார அமைச்சு தொடங்கிய திட்டம். ரஹ்மா என்ற அரசாங்க ரொக்க உதவித் தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு இலவச உடல் பரிசோதனை உண்டு. அதைப் பதிவு பெற்ற தனியார் கிளினிக்குகளிலும் செய்துகொள்ளலாம். போன ஆண்டு அம்மாவும் பட்டணத்துத் தனியார் கிளினிக் ஒன்றில் மைகார்டை (அடையாள அட்டையை) மட்டும் காட்டி, ஒரு சல்லிக்காசு கொடுக்காமல் பரிசோதித்துக்கொண்டார். தனியார் கிளினிக் ஏற்கும் என்றால் தனியார் மருத்துவமனை நிபுணரும் ஏற்பார்தானே? எங்களில் பலர் பெக்காவை “அரசாங்கக் காப்புறுதி” என்றே பேசிப் பழகியிருக்கிறோம். அந்தப் பேச்சுவழக்கே அவர்களுக்கு மூலதனம்.

கடையிலிருந்த இளைஞர் அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். “பாட்டி, செருப்பைக் கழற்ற வேண்டாம், குனியாதீங்க” என்றார். எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று விசாரித்துவிட்டுத் தன் பாட்டியும் அதே தோட்டத்தில் களை வெட்டியவர் என்றார். அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்; உண்மையில் எங்கள் பணம் அந்த நிமிடமே போய்விட்டது. பிறகு கணினியில் அந்தப் பழைய கிளினிக்கின் பெயரைக் காட்டி, “இது லிஸ்டில் இருக்கு, இல்லையா? இதே மாதிரி ஈப்போவில் நமக்கு ஒரு நிபுணர் இருக்கிறார், செயற்கை மூட்டுக்குப் பெக்காவில் 20,000 வெள்ளி வரை கிடைக்கும்” என்றார். கோப்புக் கட்டணம், நிபுணரின் உறுதிக் கட்டணம், அட்டைக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,850 வெள்ளி. ஆயிரத்தை ரொக்கமாகக் கொடுத்தேன். 850-ஐ ஒரு தனிநபர் கணக்குக்கு மாற்றச் சொன்னார், மாற்றினேன். அம்மாவின் படம் ஒட்டி, ஓரம் இன்னும் சூடு ஆறாத ஒரு பிளாஸ்டிக் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். பெக்காவுக்கு மைகார்டு போதும் என்பது போன ஆண்டே எனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த அட்டையைப் பத்திரமாகப் பணப்பையில் வைத்தேன்.

குறித்த நாளில் தீபாவளிப் புடவையைக் கட்டிக்கொண்டு அம்மா ஈப்போவுக்கு வந்தார். பதிவு முகப்பில் இருந்த பெண் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, இதை இங்கே ஏற்பதில்லை, அந்த மருத்துவரிடம் உங்கள் பெயரில் முன்பதிவும் இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. அம்மாவுக்கு உட்கார நாற்காலி கொடுத்ததும் அவர்தான்.

அதன் பிறகு ஒன்பது நாள் அலைக்கழிப்பு. முதலில் “சிஸ்டம் இன்னும் ஏறவில்லை, அண்ணே.” அடுத்து “டாக்டர் வெளிநாட்டு மாநாட்டில் இருக்கிறார்.” பிறகு “பதினான்கு வேலை நாளில் பணம் வந்துவிடும்.” ஏழாம் நாள் புலனத்தில் (வாட்ஸ்அப்) அவருடைய படம் மறைந்தது, செய்திகள் ஒற்றைக் குறியோடு நின்றன. நேற்று நேரில் போனால், கடையில் இருந்த பெண், “அவர் கமிஷனுக்கு வேலை செய்தவர், எங்களுக்குத் தெரியாது” என்று சொல்லிவிட்டு ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார். மங்கிய ஊதா முத்திரைக்குக் கீழே, கட்டிய பணம் திருப்பித் தரப்படாது என்று மலாயில் பொடி எழுத்தில் இருந்தது. 1,850 வெள்ளி என்பது எங்கள் வீட்டில் ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை. அதை “சர்வீஸ் சார்ஜ்” என்று அந்தப் பெண் சொன்ன விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

அந்த 20,000 வெள்ளி கற்பனையல்ல, அதுதான் வயிற்றெரிச்சல். செயற்கை மூட்டு, இதயத்துக்கு வைக்கும் ஸ்டென்ட், கண்ணுக்குப் பொருத்தும் லென்ஸ் போன்ற சாதனங்களுக்குப் பெக்காவில் வாழ்நாள் முழுவதற்குமாக 20,000 வெள்ளி வரை உதவி உண்டு. ஆனால் அது அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவர்களுக்கானது. அங்குள்ள நிபுணர் சாதனம் தேவை என்று முடிவு செய்த பின், அந்த மருத்துவமனையின் மருத்துவ சமூகப் பணிப் பிரிவின் வழியாக விண்ணப்பம் போகும். இடையில் எந்தக் கடைக்கும் வேலை இல்லை. அரசாங்க நிபுணர் கிளினிக்கின் கட்டணம் 5 வெள்ளி. ஐந்து வெள்ளியில் தொடங்க வேண்டியதற்கு நான் 1,850 வெள்ளி கொடுத்திருக்கிறேன்.

விரிவாக எழுதுவதாகச் சொன்ன ஆலோசனைக்கு இப்போது பொறுமை இல்லை, மன்னியுங்கள். பெக்காவுக்கென்று யார் கட்டணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். மருத்துவர் ஏற்பாரா என்பதைத் தரகரிடம் கேட்காமல் அந்த மருத்துவமனையின் பதிவு முகப்பையே அழைத்துக் கேளுங்கள். தனிநபர் கணக்குக்குப் பணம் மாற்றாதீர்கள். மாற்றிவிட்டால் அன்றே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள், என்னைப் போல் ஒன்பது நாள் காத்திருக்காதீர்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். அரசாங்க மருத்துவமனை கொடுத்த நாளையும் விட்டுவிடாதீர்கள். நல்லவேளை, அம்மாவின் ஏழு மாத நாளை நாங்கள் ரத்துச் செய்யவில்லை. அந்த இளைஞர் ரத்துச் செய்யத்தான் சொன்னார். காலையில் போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டும். ரசீதையும் அந்த அட்டையையும் நகலெடுக்க இப்போதே கிளம்புகிறேன்.