இன்சுலின் போடக் கற்றுத்தர: வீடியோ காலா, போன் காலா, வாட்ஸ்அப்பா?

இந்தியாவில் 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் வீடியோ, குரல், எழுத்து என மூன்று வழியையும் அனுமதிக்கிறது. ஆலோசனைக்கு மூன்றும் உதவும். ஆனால் இன்சுலினை முதன்முறையாகத் தொடங்குபவருக்குக் கற்றுத்தர வீடியோ காலே சரி. காரணம், நோயாளியின் கை அதில்தான் தெரிகிறது.

"20 யூனிட் போட்டுட்டேன்" என்று போனில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. எந்த சிரிஞ்சில் போட்டார்? 40 ஐயூ (ஒரு மில்லியில் 40 யூனிட்) குப்பிக்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு. 100 ஐயூ (ஒரு மில்லியில் 100 யூனிட்) குப்பிக்கு ஆரஞ்சு மூடி. 40 ஐயூ மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 8 யூனிட்தான். சர்க்கரை இறங்காது, மருந்து போதவில்லை என்று அளவைக் கூட்டிவிடுவார்கள். 100 ஐயூ மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே 20 கோடு வரை இழுத்தாலோ 50 யூனிட், உயிருக்கே ஆபத்து. குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்துக் கேமரா முன் காட்டச் சொன்னால் உடனே பிடிபடும்.

போனை வீட்டில் இன்னொருவர் பிடிக்கட்டும். பின்பக்கக் கேமரா, முன்னாலிருந்து வெளிச்சம். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். "செஞ்சு காட்டுங்க" என்று கேளுங்கள். பால்போல் கலங்கிய இன்சுலினைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுகிறாரா, குமிழியைத் தட்டி வெளியேற்றுகிறாரா, பத்து எண்ணிய பிறகு ஊசியை எடுக்கிறாரா என்று பாருங்கள்.

வீடியோவும் தோற்கும் இடம் உண்டு. ஒரே இடத்தில் குத்திக் குத்தித் தோலுக்கடியில் கட்டி விழுந்தால் பல நேரம் தடவித்தான் கண்டுபிடிக்க முடியும். அங்கே போட்ட மருந்து சீராக உறிஞ்சப்படாது. அரசின் தொலைமருத்துவச் சேவையான இ-சஞ்சீவனியில் துணை சுகாதார நிலையப் பணியாளர் நோயாளியின் பக்கத்தில் இருந்து மருத்துவரோடு பேசும் முறையில் இந்தக் குறை தீரும். வசதியிருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

கை பழகிய பிறகு போன் கால் போதும், நெட் சரியில்லாத ஊருக்கு அதுவே கைகொடுக்கும். சர்க்கரை 70க்குக் கீழே போனால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்பதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வையுங்கள்.

வாட்ஸ்அப்பைப் பதிவுக்கு வைத்துக்கொள்ளலாம். எண்ணைத் தட்டச்சு செய்வதைவிட குளுக்கோமீட்டர் திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதியவர்களுக்குக் குரல் செய்தியே நல்லது. ஆனால் படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் என்றால் அதில் எழுதிவிட்டுக் காத்திருக்கக் கூடாது, யாராவது எப்போது பார்ப்பார்கள் என்று தெரியாது. முதலில் சர்க்கரைத் தண்ணீர், பிறகு போன். மயங்கி விழுந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108ஐ அழையுங்கள்.