டிபிஎஃப் பிரஷர் சென்சார்: ஃபில்டர கழட்டுறதுக்கு முன்னாடி ஹோஸ பாருங்க (1,18,000 கிமீ அனுபவம்)

2020 கடைசில எடுத்த பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டி, இப்ப மீட்டர் 1,18,000 தாண்டிட்டு. பாளையங்கோட்டைல இருந்து டவுனுக்கு பிள்ளைகள ஸ்கூல்ல விடுதது, கூப்புடுதது, வாரம் ஒருக்க வள்ளியூர் சோலி, மாசத்துல ஒரு தடவ அம்பாசமுத்திரம் மாமனார் வீடு, இதுதான் ஓட்டம். இஞ்சின், கிளட்ச், ஏசி எதுலயும் கொற சொல்ல ஒண்ணுமில்ல. என்ன அலைய விட்டது டிபிஎஃப் (டீசல் புகையில வர்ற கரிய புடிக்கிற ஃபில்டர்) பிரஷர் சென்சார் ஒண்ணுதான், அதுவும் ரெண்டு தடவ. இதே லைட் எரிஞ்சு, சரியா பாக்காம ஃபில்டரையே மாத்துன ஆள எனக்குத் தெரியும், அந்த வயித்தெரிச்சல்லதான் இத எழுதுதேன்.

2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்த பெறவு டீசல் கார் சைலன்சர் லைன்ல இந்த ஃபில்டர் வந்துட்டு. புகையில வர்ற கரிய புடிச்சு வச்சிக்கிட்டு, நெறைஞ்சதும் 600 டிகிரி பக்கம் சூடாக்கி எரிச்சிரும், அதுக்குப் பேரு ரீஜென். ஆனா எவ்வளவு நெறைஞ்சிருக்குன்னு ஈசியூ (இஞ்சின கவனிக்கிற கம்ப்யூட்டர்) உள்ள எட்டிப் பாக்க முடியாதுல்லா, ஃபில்டருக்கு முன்னாடி ஒரு ஹோஸ் பின்னாடி ஒரு ஹோஸ், ரெண்டுக்கும் நடுவுல பிரஷர் எவ்வளவு வித்தியாசம்னு இந்த சென்சார் சொல்லுதத வச்சுத்தான் கணக்கு போடும் (சில வண்டில ஹோஸ் ஒண்ணுதான் இருக்கும்). சென்சார் தப்பா சொன்னா நல்ல ஃபில்டரும் அடைச்ச ஃபில்டர் ஆயிரும்.

மொத தடவ 62,000ல. வள்ளியூர்ல இருந்து வரும்போது நாங்குநேரி தாண்டி இஞ்சின் லைட் எரிஞ்சு பிக்கப் செத்துட்டு, 3000 ஆர்பிஎம்முக்கு மேல ஏறவே இல்ல, லாரி எல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டு ஓவர்டேக் பண்ணிப் போவுது, பின்னால பிள்ளைய வேற இருக்காவ. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேன் போட்டு பி2453ன்னு எரர் கோடு காட்டி, ஃபில்டர் அடைச்சிட்டு, மாத்தணும், லட்சத்துக்கு மேல ஆகும்னுட்டாங்க. அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல. பி2453ன்னா சென்சார் ரீடிங் கணக்குக்கு ஒத்து வரலங்கறதுதான் அர்த்தம், ஃபில்டர் அடைச்சிட்டுன்னு அது சொல்லவே இல்ல. கரி சேந்து போச்சுன்னா வர்ற கோடு பி2463, அது வேற. இந்த வித்தியாசம் தெரியாமத்தான் பாதி பேரு பணத்த விடுதாங்க.

மறுநாள் வண்ணார்பேட்டைல ஒரு மெக்கானிக் அண்ணாச்சிகிட்ட கொண்டு போனேன். "தம்பி, ஃபில்டர்ல கை வைக்காண்டாம், மொதல்ல சாவிய மட்டும் போடுங்க, ஸ்டார்ட் பண்ணாண்டாம்"ன்னாரு. இஞ்சின் ஓடலன்னா ஃபில்டருக்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஒரே பிரஷர்தான, ரீடிங் சைபர்ல நிக்கணும். நின்னுச்சு. அப்ப சென்சார் சைபர சரியாத்தான் காட்டுது. ஸ்டார்ட் பண்ணி 3000க்கு ஏத்துனா நம்பர் ஏறணும், ஆனா 0.2 கிலோபாஸ்கல்லயே கெடக்கு. முன்பக்க ஹோஸ்ல லீக்குன்னு அங்கனயே சொல்லிட்டாரு. டார்ச் அடிச்சுப் பாத்தா மேல இருந்து ஒண்ணும் தெரியல, கிளாம்புக்கு ஒட்டுனாப்புல அடிப்பக்கம் நகக்கீறல் மாதிரி ஒரு வெடிப்பு, அதுக்கு நேரா ஹீட் ஷீல்டுல கண்மை அப்புனாப்புல ஒரு கரித்திட்டு. வெரல வச்சா கருப்பா ஒட்டுது. ஹோஸும் கிளாம்பும் சேத்து 640 ரூவா! எரர் கோட அழிச்சுட்டு தாழையூத்து வரைக்கும் ஓட்டிப் பாத்தோம், பழைய பிக்கப் அப்படியே வந்துட்டு. கண்ட பெட்ரோல் டியூப வெட்டிப் போடாதிய, அந்தச் சூட்டுக்கு நிக்காது, கம்பெனி ஹோஸே வாங்குங்க.

அதுக்குப் பெறவு ஓபிடி அடாப்டர் (வண்டி கம்ப்யூட்டர் ரீடிங்க நாமளே பாக்குத கருவி) ஒண்ணு வாங்கிட்டேன், டிபிஎஃப் பிரஷர் காட்டுமான்னு கேட்டுத்தான் வாங்கணும், மலிவா வாங்குன மொத அடாப்டர்ல அது வரவே இல்ல. சாவி போட்டதும் 0, ஐடில்ல 0.6ல இருந்து 0.9, 3000 ஆர்பிஎம்ல 4 கிலோபாஸ்கல் பக்கம், இது என் வண்டி நல்லாருக்கும்போது காட்டுத கணக்கு. ஒங்க வண்டிக்கு நம்பர் மாறும், அதனால வண்டி நல்லாருக்கும்போதே பாத்து எழுதி வச்சுக்கோங்க.

ரெண்டாவது தடவ 97,000ல, அப்ப லைட்டே எரியல. 150 கிலோமீட்டருக்கு ஒருக்க ரீஜென் ஓடுது, வீட்டு வாசல்ல நிப்பாட்டுனாலும் ஃபேன் சத்தம் நிக்கல, சூட்டு வாட அடிக்குது, மைலேஜ் எறங்கிட்டு. டிப்ஸ்டிக்க உருவுனா ஆயில் மேல்கோட்டத் தாண்டி நிக்கி, மோந்து பாத்தா டீசல் வாட. ரீஜென்னுக்கு ஊத்துத டீசல் முழுசா எரியாம ஆயில்ல எறங்கிருக்கு, அப்படியே ஓட்டுனா இஞ்சினுக்கே கேடு. சாவிய மட்டும் போட்டுப் பாத்தேன், 3.1 காட்டுது. ரெண்டு ஹோஸையும் சென்சார்ல இருந்து உருவிட்டேன், அப்பவும் 3.1. ஹோஸே இல்லாம பிரஷர் எங்க இருந்து வரும், சென்சார்தான் போச்சு. அண்ணாச்சி மல்டிமீட்டர் வச்சு 5 வோல்ட் சப்ளையும் எர்த்தும் சரியா வருதான்னு பாத்த பெறவுதான் புதுசு வாங்கச் சொன்னாரு, வயர் அத்துக் கெடந்தாலும் இதே கூத்துதான் நடக்கும்.

மாட்டும்போது கடைப்பையன் ஹோஸ மாத்திச் சொருவிட்டான், ரீடிங் மைனஸ்ல போச்சு, மாத்தி மாட்டுனதும் சரியாயிட்டு. புது சென்சார் போட்டா ஸ்கேனர்ல ரீசெட் பண்ணணும், அத விட்டா ஈசியூ பழைய கணக்கையே புடிச்சிக்கிட்டு இருக்கும். ஆயிலையும் மாத்தியாச்சு, டிபிஎஃப் வண்டிக்குன்னு உள்ள சாம்பல் கம்மியான சி3 ஆயில்தான், அதுல மட்டும் மலிவு பாக்காதிய.

ஃபில்டர வெட்டி எடுத்துட்டு சாஃப்ட்வேர் மாத்தித் தாரேன்னு ரெண்டு எடத்துல சொன்னாங்க. மாட்டேன்னுட்டேன். அது சட்டப்படி தப்புங்கறது ஒரு பக்கம், தெனமும் ஸ்கூல் கேட் முன்னாடி அம்பது பிள்ளைய நிக்கிற எடத்துல வண்டிய ஐடில்ல போட்டு நிக்கேன், அந்தக் கரி அதுங்க நெஞ்சுக்குள்ள போறத என்னால ஏத்துக்க முடியாது.

ஜங்ஷன் நெரிசல்ல மட்டுமே ஓட்டுதவங்க வாரம் ஒருக்க கயத்தாறு வரைக்காவது ஒரே சீரா 80ல போயிட்டு வாங்க, டேங்க்ல டீசல் ரொம்பக் கொறஞ்சாலும் பல வண்டில ரீஜென் ஓடாது. நான் ஒவ்வொரு ஆயில் சர்வீஸுக்கும் ஹோஸ ரெண்டையும் சென்சார் பக்கம் கழட்டி சைக்கிள் பம்ப்ல மெதுவா காத்து விட்டுப் பாக்கேன், கம்ப்ரசர் காத்த சென்சாருக்குள்ள அடிச்சுராதிய, உள்ள இருக்குற சவ்வு கிழிஞ்சிரும். போன வாரம் பாத்தேன், ரெண்டு ஹோஸ்லயும் காத்து தடையில்லாம போச்சு, சாவி போட்டதும் 0, ஐடில்ல 0.8.